பினாங்கில் கப்பலிறங்கியவனும் திருச்சியில் விமானமேறியவனும்

1927-இல் என் தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை என்று பாட்டி சொல்வார். முசிறிப் பக்கத்துக் காவிரிக்கரை ஊர். இன்று சுங்கைப் பட்டாணியில் நான் பசியாறப் போகும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வீசிப் போடும் தம்பிக்கு 24 வயது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ நூறு ஆண்டு கிடக்கிறது. இருவரும் கடனோடு வந்தவர்கள். இருவரும் பெற்றவளிடம் “மூணு வருசம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்.

கூலி, சோறு, மருந்து, ஊரோடு பேச்சு என்று எதை எடுத்தாலும் இந்தத் தம்பியின் பிழைப்பு தாத்தாவின் பிழைப்பைவிட மேல். அதை மறுப்பவர் அந்தக் காலத் தோட்டத்தை அறியாதவர். ஆனால் தாத்தாவுக்குக் கிடைத்த ஒன்று இவனுக்குக் கிடைக்க வழியே இல்லை: இந்த மண்ணில் தங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, கோயில் எழுப்பி, இங்கேயே சாகும் உரிமை. அவர் தங்கியதால்தான் நான் இதை எழுதுகிறேன்.

தாத்தாவைக் கூட்டிவந்தவர் கங்காணி. சஞ்சிக்கூலி முறை 1910-இல் முடிந்துவிட்டது. அதன்பின் மலாயாவுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணிகள்தான். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்தவரையே துரை லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தன் ஊரில், தன் சாதி சனத்துக்குள்ளே ஆள் பிடிப்பார். மழை பொய்த்த வருடமாக இருந்தால் வேலை சுலபம். பட்டியலில் கிராம முன்சீப் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு ஆவடி முகாம் அல்லது நாகப்பட்டினம் முகாம், அம்மை ஊசி, கப்பலின் மேல்தளத்தில் ஒரு வாரத்துக்குக் குறையாத பயணம். பினாங்கு தெரியும் தூரத்தில் ஜெரெஜாக் தீவில் இறக்கித் தொற்றுநோய்க்காகத் தனியே வைத்திருப்பார்கள். அது முடிந்தபின் படகேறி பிறை, அங்கிருந்து ரயில். கெடா ரயில் 1915-இலேயே அலோர் ஸ்டாரைத் தொட்டிருந்தது. பீடோங்கில் இறங்கி வடமேற்கே பார்த்தால் ஜெராய் மலை. மற்றப் பக்கமெல்லாம் கித்தாக்காடு, அதாவது ரப்பர்க் காடு.

அந்த ஆண்டுகளில் ஆள் வந்த வேகத்துக்குக் காரணம் லண்டன் சந்தை. 1922-இல் கொண்டுவந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் ரப்பர் உற்பத்தியைப் பிடித்து நிறுத்தியதில் 1925-இல் விலை எகிறியது. தோட்டங்கள் ஆளுக்குப் பறந்தன. 1926-லும் 1927-லும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூட்டம் உச்சத்தைத் தொட்டது. முசிறியில் வயிறு காய்ந்ததும் லண்டனில் விலை ஏறியதும் ஒரே நேரத்தில் நடந்ததால் தாத்தா கப்பலில் இருந்தார்.

தம்பியைக் கொண்டுவந்தது ஏஜென்ட். அவர் புதுக்கோட்டையில் இல்லை. அவருக்குக் கீழே ஒருவர், அந்த ஒருவருக்குக் கீழே ஊரில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர். இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். தம்பி கொடுத்தது ஒன்றரை லட்சம். அம்மாவின் நகை கொஞ்சம், மூணு வட்டிக்கு வாங்கியது மிச்சம். “எல்லாரும் இப்பிடித்தான்க்கா குடுக்குறாங்க. ரசீது கேட்டா அடுத்தவனுக்குக் குடுத்துருவாங்க.” திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூரில் இறங்க நாலரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து ராத்திரி பஸ். விடியும்போது சுங்கைப் பட்டாணி.

கங்காணிக்குக் கமிஷன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கப்பல் செலவை 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. அந்த நிதிக்கு முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆள்கணக்குப்படி பணம் கட்டினார்கள். கங்காணிக்கோ அவர் கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவரும் பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் வாசிக்கும் வரிசைக்கு, வந்து நிற்கும் நாளுக்கு 2 காசு தலைக்காசு. ஆகவே காய்ச்சலில் படுத்தவனைக் கங்காணி காலால் உதைத்து எழுப்பியதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை. அந்த 2 காசும் காரணம். அன்றைய ஏற்பாட்டில் கொடுமை நிறைய. ஆனால் வரும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்ற விதி மட்டும் அதில் இருந்தது. நூறு ஆண்டு கழித்து ஒரு புதுக்கோட்டைப் பையன் அந்தச் செலவைப் போலப் பல மடங்கைத் தன் தாயின் கழுத்திலிருந்து கட்டிவிட்டு வருகிறான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தாத்தாவின் ஒரு நாள் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாளையேதான் பாட்டியும் அம்மாவும் வாழ்ந்தார்கள். பள்ளி விடுமுறையில் நானும் ஓரளவு வாழ்ந்திருக்கிறேன். இருட்டிலேயே தப்பு அடித்தோ மணி அடித்தோ எழுப்புவார்கள். பிரட்டுக் களத்தில் வரிசை. கிராணி பெயர் வாசிப்பார், தண்டல் நிரையைப் பிரித்துக் கொடுப்பார். உளி, காண்டா வாளி, தலையில் விளக்கு. விடியுமுன்னே மரம் சீவியாகவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துபோகும். பட்டையில் பாதிச் சுற்றுக்குச் சாய்வாக வெட்டு. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், தண்டல் ஏசுவார், கூலியில் பிடிப்பார். மேலாக வெட்டினால் பால் வராது. மயிரிழைக் கணக்கு. முந்நூறு நானூறு மரம் முடித்துத் தகரக் குவளையிலிருந்து ஆறிப்போன வரக்காப்பியும் பழைய சோறும். அப்புறம் மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பாலை வழித்து வாளியில் ஊற்றி, காண்டாவைத் தோளில் போட்டுப் பால் கொட்டகைக்கு. அங்கே நிறுவை, ஆசிட், பால் கட்டியாகும் புளித்த வாடை. அந்த வாடை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. டவுனில் பஸ் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோவார்.

மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. கெடாவில் இன்னொன்றும் உண்டு. தை மாசியில் வானம் காய்ந்து மரம் இலை உதிர்க்கும். தரையெல்லாம் செம்பழுப்பு, பார்க்க அழகு, கூலிக்குப் பஞ்சம். பால் பாதியாகும். அந்த மாதங்களில் மளிகைக்கடைப் பற்றுப் புத்தகம் தடிக்கும். அதை அடைக்க அடுத்த ஐப்பசி வரை ஆகும். அதற்குள் தீபாவளி வந்து மறுபடி பற்று.

தம்பியின் நாள் விடிகாலை 4:30-க்குத் தொடங்குகிறது. மாவு பிசைந்து, எண்ணெய் தடவி உருண்டை பிடித்து ஊறவைத்திருப்பது முந்தின இரவே முடிந்திருக்கும். கடை 6 மணிக்குத் திறக்கும்போது கல் சூடாகியிருக்கவேண்டும். கூலிம் ஹைடெக் பார்க்குக்கும் பினாங்குக்கும் போகிற ஃபேக்டரி பஸ்கள் அந்நேரத்தில்தான் ஆள் ஏற்றும். நம் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நீலச் சட்டையும் பெயரட்டையுமாக வந்து நின்றபடி ஒரு கோசோங், ஒரு தெலூர், ஒரு தே தாரே என்று அவசரப்படுத்துவார்கள். 10 மணிவரை தம்பி தலை நிமிரமாட்டான். அப்புறம் பாத்திரம், பிறகு மதியச் சோற்றுக்குக் காய் நறுக்கு, சாயங்காலம் மறுபடி கல். இரவு 9 மணிக்கு மேல் கடைக்குப் பின்னாலுள்ள கடைவீட்டின் மேல்மாடி: எட்டுப் பேர், ஒரு குளியலறை, இரும்புக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு சார்ஜர். கல்லுக்கு முன்னால் நின்று நின்று அவன் வலது முன்கையில் ரோமமே இல்லை.

மலேசியாவில் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்று சட்டம், அதற்குமேல் ஓவர்டைம். வாரம் ஒருநாள் ஓய்வு. தம்பிக்கு மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. ஓவர்டைம் என்று தனியாக எதுவும் இல்லை. “மொதலாளி நல்லவருக்கா, அடிக்கமாட்டாரு” என்கிறான். நல்லவர் என்பதற்கு அளவு அவ்வளவுதான் ஆகிவிட்டது.

கூலிக் கணக்கைப் பார்க்கலாம். 1920-களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதுவும் நிலைக்கவில்லை. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் கூலியைக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பினார்கள். தாத்தாவோடு வந்த பங்காளிகள் இருவர் அப்போது போனவர்கள்தான். ஊரில் அவர்களை எதிர்பார்த்திருந்தது அதே காய்ந்த வயல். தாத்தா தங்கிவிட்டதற்கு அவருடைய உளி சுத்தம்தான் காரணம் என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். மாதம் ஒருமுறை கிராணி எழுதிக் கொடுக்க, மணியார்டரில் 5 வெள்ளி முசிறிக்குப் போகும். ரசீதில் அவருடைய அம்மாவின் கைநாட்டு திரும்பிவர ஒன்றரை மாதம் ஆகும். அந்தக் கைநாட்டுதான் அவள் உயிரோடிருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி. 1934-இல் ஒரு ரசீது வேறு கைநாட்டோடு வந்தது.

இன்று மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், 2025 பிப்ரவரியிலிருந்து. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே சட்டம். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே கிடைப்பதால் தம்பி மிச்சம் பிடிக்கிறான். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய்க்கு முன்னும் பின்னும் விற்கிற காலத்தில் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கைப்பேசியிலிருந்தே போய்விடுகிறது. அனுப்பிய சில நிமிடத்தில் “வந்துருச்சுப்பா” என்று அம்மாவின் குரல் வருகிறது. நம் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். இவன் வேலை முடித்துப் படுக்கும்போது அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டில் என்ன இருக்கிறது என்பதுவரை பார்க்கிறான். தாத்தாவுக்கு இதில் நூறில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆனால் அந்த நெருக்கத்துக்கும் விலை இருக்கிறது. தங்கைக்குச் சீர், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கூரை ஒழுகல், மைத்துனன் வாங்கும் பைக் எல்லாம் கைப்பேசி வழியே உடனுக்குடன் வந்து சேர்கிறது. தாத்தா காலத்தில் ஊரின் தேவை கடிதத்தில் வருவதற்குள் பாதி தானே தீர்ந்துபோயிருக்கும். இவனுக்கு அந்த இடைவெளி இல்லை. கடன் வாங்கிய பங்குக்கு மூணு வட்டி என்றால் மாதாமாதம் வட்டியே கணிசமாகப் போனது. முதல் ஆண்டு முழுக்க அவன் உழைத்தது ஏஜென்ட்டுக்கும் வட்டிக்காரருக்கும்தான்.

கால்களின் விடுதலை என்று பார்த்தால் கதை தலைகீழாகிறது. வேலையை விட்டு ஓடினால் ஜெயில் என்ற பழைய தண்டனை விதியை மலாயாவில் 1923-இல் நீக்கினார்கள். அதன்பின் தமிழ்த் தொழிலாளி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். காகிதத்தில் இருந்த அந்த உரிமையைக் கடைப்பற்றும் கங்காணியும் கள்ளுக்கடையும் நடப்பில் பாதியாக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தாத்தா பீடோங்கிலிருந்து பாடாங் செராய் போனார், அங்கிருந்து கூலிம் பக்கம் போனார், பிடிக்காமல் மறுபடி பீடோங்குக்கே வந்தார். யாரும் அவரைக் கள்ளக்குடியேறி என்று பிடிக்கவில்லை.

தம்பியின் பர்மிட்டில் முதலாளியின் பெயர் இருக்கிறது. அந்தக் கடையை விட்டு எதிர்க்கடையில் போய் மாவு பிசைந்தால் அவன் சட்டவிரோதி. பாஸ்போர்ட்டை அடுத்தவர் பிடித்துவைப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்; ஆனாலும் பல இடங்களில் அது முதலாளியின் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, “பத்திரமா இருக்கட்டும்” என்ற பெயரில். அனுமதிக்கும் வயது 18 முதல் 45 வரை. உடல்நலச் சோதனையில் தோற்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தைக் கூட்டிவரக்கூடாது. இங்கே கல்யாணம் செய்யக்கூடாது. வழக்கமாகப் பத்து ஆண்டு, அதற்குமேல் போகவேண்டியதுதான். இருபதுகளின் தொடக்கத்தில் வந்தவனை அவனுடைய நல்ல வயது முழுக்க வேலை வாங்கிவிட்டு முதுகு வலி தொடங்குகிற வயதில் அனுப்பிவைக்கிற ஏற்பாடு இது.

தாத்தா 1935-இல் பாட்டியைக் கட்டினார். பாட்டி அதே தோட்டத்தின் வெளிக்காட்டில் புல் வெட்டியவர், தனியாக வந்த விதவைத் தாயோடு சிறுமியாகக் கப்பலிறங்கியவர். மாரியம்மன் கோயில் கொட்டகையில் தாலி. லயத்தில் ஒரு அறை, முன்னால் ஒரு வராண்டா. அந்த ஓரறையில் ஒன்பது பிரசவம். ஆறு நிலைத்தன. ஆயா கொட்டகையில் பிள்ளையைப் போட்டுவிட்டு மரம் சீவப் போவார் பாட்டி. தோட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் ஆசிரியர், ஆறு வகுப்பு ஒரே அறையில். கெடாவில் இன்றும் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல அந்த லயத்து வாசலில் தொடங்கியவை. மனிதர்களைப் பெண்டுபிள்ளையோடு வரவிட்டதால் நடந்தது இது. தோட்ட முதலாளிக்கு அது தருமம் இல்லை. குடும்பமாக இருந்தால் ஓடமாட்டார்கள், அடுத்த தலைமுறைக் கூலியும் லயத்திலேயே வளரும் என்ற கணக்கு. கணக்கு எதுவாயினும், அதன் விளைவாக ஒரு சமூகம் உண்டானது.

பெண்களும் பிள்ளைகளும் இருந்ததால்தான் போராட்டமும் வந்தது என்று நான் நினைக்கிறேன். போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை என்று ஒன்றை உருவாக்கினார். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கூலிக்காசைக் கரைக்கும் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். தெற்குக் கெடாத் தோட்டங்கள் முழுக்க அது பரவியது. 1947-இல் பீடோங்கிலும் கூலிம் வட்டார டப்ளின் தோட்டத்திலும் போலீசோடு மோதல் ஏற்பட்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பார்த்து வளர்ந்த பெண்கள் அந்த மறியலுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தார்கள் என்று பாட்டி சொல்வார். இன்று மேல்மாடியில் இருக்கும் எட்டுப் பையன்களால் அப்படி ஒன்றைக் கனவிலும் செய்ய முடியாது. மறுநாளே பர்மிட் ரத்தாகும்.

போர்க்கால சயாம் ரயில் பாதையை இங்கே விரிக்கப்போவதில்லை. கெடாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. நம் சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான் ‘கையறு’ நாவலில் அதை எழுதியிருக்கிறார்; இளையோர் கட்டாயம் படிக்கவேண்டும்.

தங்கியவர்களுக்கும் மண் உடனே சொந்தமாகிவிடவில்லை. 1950-களின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கத் தொடங்கியபோது லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளி கேட்டுச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். அம்மா 10 வெள்ளி கட்டிய அட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பிறகு 1969-இல் அடுத்த இடி. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை அமல்படுத்தினார்கள். நாற்பது ஆண்டு மரம் சீவிய சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் திகைத்து நின்றார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் மூட்டை கட்டினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா கப்பலில் ஏறிய அந்தக் கூட்டத்தில் என் பெரியப்பாவும் ஒருவர். பர்மிட் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அன்றைக்கே பயந்திருக்கிறோம். அதனால்தான் சாப்பாட்டுக் கடைத் தம்பி அந்தச் சொல்லைச் சொல்லும்போது என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

தாத்தாவின் தோட்டம் இப்போது செம்பனை. உளிக்குப் பதில் நீண்ட கழியில் அரிவாள். இருபது கிலோ எடையுள்ள குலையை அண்ணாந்து அறுத்து, விழும்போது விலகி, முள்ளோடு தூக்கி வண்டியில் ஏற்றவேண்டும். லயத்தில் பங்களாதேஷ் பையன்கள் இருக்கிறார்கள், சில அறைகளில் இந்தோனேசியர்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நடுவே நிற்கிறது; ஆடித் திருவிழாவுக்கு நாங்கள் தாமானிலிருந்து காரில் போய் பொங்கல் வைத்துவிட்டு வருகிறோம். அந்த நாளில் பங்களாதேஷ் பையன்களும் வரிசையில் நின்று சோறு வாங்குகிறார்கள். அவர்கள் படுக்கும் அறைதான் என் அம்மா பிறந்த அறை. சென்ற முறை போனபோது ஒரு பையன் கைப்பேசியில் தன் குழந்தையைக் காட்டினான். அவன் இங்கே வந்தபின் பிறந்த குழந்தை, இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

அன்று இல்லாத பாதுகாப்பு இன்று வந்திருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. 2019 ஜனவரியிலிருந்து வேலையிடத்து விபத்துக்கு சொக்சோ காப்புறுதி வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து அவர்களுக்கும் சேமநிதி, முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. இதைவிடப் பெரிய மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் டாப் கிளவ் கையுறைகளையும், அந்த ஆண்டின் கடைசியில் சைம் டார்பி பாமாயிலையும் தடுத்து நிறுத்தியது. அடி விழுந்த பிறகு டாப் கிளவ் ஏறத்தாழ 150 மில்லியன் ரிங்கிட்டும் சைம் டார்பி 82 மில்லியன் ரிங்கிட்டும், தொழிலாளிகள் ஊரில் தரகர்களுக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாகத் திருப்பிக் கொடுத்தன. வேலைக்கு வரத் தொழிலாளி பணம் கொடுக்கலாகாது என்ற பழைய நியாயம் இப்படிச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. ஆனால் அமெரிக்காவுக்கு எதையும் ஏற்றுமதி செய்யாத சாப்பாட்டுக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் அந்த நியாயம் எட்டாது. முடிதிருத்துதல், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்க அரசு 2023-இல் மறுபடி இசைவு தந்தபோது நம் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். வருகிற பையன்கள் எவ்வளவு கடனோடு வருகிறார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

2020-ஐ நினைத்தால் இன்னொன்றும் வருகிறது. அந்த ஜூலை கடைசியில் கெடாவின் நாபோ வட்டாரத்தில் இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவரிலிருந்து கொரோனா பரவியது. சுகாதார அமைச்சு அதற்கு சிவகங்கா கிளஸ்டர் என்று பெயர் வைத்தது. ஒரு தமிழ் மாவட்டத்தின் பெயர் சில வாரங்களுக்குக் கெடா முழுக்க அச்சச் சொல்லானது. அந்நாளில் இங்கே வேலை செய்த தமிழ்நாட்டுப் பையன்களை நம்மவர்களே விலகி நின்று பார்த்தோம். கடை மூடிக் கிடந்தது, கூலி இல்லை, விமானமும் இல்லை. அவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்த கோயில்களும் உண்டு. கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

மெர்போக் அருங்காட்சியகத்துக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போய், ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரம் என்ற இந்தக் கெடாவுக்குக் கப்பல் விட்டான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இந்த மண்ணோடு நம் உறவு அந்தப் படையிலிருந்து வந்ததல்ல. கப்பலின் மேல்தளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த கூலியிடமிருந்து வந்தது. அந்தக் கூலிக்கு அடுத்த வாரிசு யார் என்று கேட்டால், ஃபேக்டரி பஸ்ஸில் போகும் என் மகளைவிட, அவளுக்கு ரொட்டி போட்டுக் கொடுக்கும் தம்பிதான் நெருக்கம். நம் பிள்ளைகளில் சிலர் அவனை ‘ஊர்க்காரன்’ என்று ஒரு மாதிரிச் சுழிப்போடு சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் டவுன் செட்டியார் கடையில் நம் தாத்தாக்களையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

தம்பிக்கு ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள். போய் இருபது நாள் இருந்து கட்டிவிட்டு வரவேண்டும். பர்மிட் முடிய இன்னும் பல ஆண்டு இருக்கிறது. கடன் அடைந்தும் வீடு கட்டும் பணம் சேரவில்லை. “கட்டுறதா வேணாமான்னு இருக்குக்கா. அவளும் பாவம்தானே” என்றான் ஒருநாள், கல்லைத் துடைத்துக்கொண்டே. லீவு கேட்டால் கிடைக்குமா, திரும்பி வருவதற்குள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களா, இரண்டு மாதச் சம்பளம் பிடித்து வைத்திருக்கிறார்களே அது என்ன ஆகும் என்பதுதான் அவனுடைய உண்மையான கவலை. பிடித்து வைத்தது சட்டப்படி தவறு என்பது அவனுக்குத் தெரியாது. தொழிலாளர் இலாகாவில் வெளிநாட்டுத் தொழிலாளியும் புகார் கொடுக்கலாம் என்பதும் தெரியாது. தெரிந்தாலும் மலாயில் படிவம் நிரப்பத் தெரியாது.

தாத்தாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், மாலையில் தன் வீட்டு வராண்டாவில் விளக்கை வைத்துக்கொண்டு காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பார் என்று பாட்டி இறுதிவரை நன்றியோடு சொன்னார். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் மலாயில் சரளமாக எழுதத் தெரிந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட இடம் கேட்டிருக்கிறேன். படிவம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் மூன்றையும் பார்த்துச் சொல்ல இரண்டு பேர் போதும். வழக்கறிஞர் ஒருவர் மாதம் ஒருமுறை வர ஒத்துக்கொண்டிருக்கிறார். கடைப் பையன்களுக்கு ஞாயிறு மாலை லீவு கிடையாது என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். அப்படியானால் இரவு 10 மணிக்கு வைத்துக்கொள்வோம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.